பின்கோடு போட்ட ஜெபம்

“கொசப்பாளையம், பெருமாள் கோயில் பின்தெரு, ஆண்டவரே. மூன்றாவது ஓட்டு வீடு. வாசலில் முருங்கை மரம் நிற்கும். அந்த வீட்டில் பால்காரக் காசியம்மாளுக்கு முட்டி வலி, வலது முட்டி. ஆரணி, வட ஆற்காடு ஜில்லா. ஆறு மூணு ரெண்டு, மூணு சைபர் ஒண்ணு.”

பின்கோடு வந்துவிட்டால் ஜெபம் முடிந்தது என்று சபைக்குத் தெரியும். பின்பெஞ்சில் கண்ணயர்ந்தவர்கள்கூட அந்தச் சைபரில் விழித்துக்கொண்டு சரியான நேரத்தில் ஆமென் சொல்லிவிடுவார்கள்.

மாசிலாமணி சார் ஜெபிக்கும்போது கண்ணை மூடுவதில்லை. தடித்த கறுப்புக் கண்ணாடியையும் கழற்றுவதில்லை. “கண்ணாடி இருந்தாதாங்க அட்ரஸ் ஞாபகம் வரும்” என்பார். வாழ்நாளெல்லாம் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. பட்டுக்கடைக்காரர்கள் பம்பாய்க்கோ நாக்பூருக்கோ பார்சல் கட்டினால் இன்றும் அவரிடம் கேட்டுத்தான் விலாசம் எழுதுகிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, கேட்காததற்கும் சொல்வார். நாக்பூர் ஆரஞ்சுக்கு ஏன் தோல் தளர்ந்திருக்கிறது என்பது எனக்கு அப்படித் தெரிந்ததுதான். எனக்கு வேலை கிடைக்க ஜெபியுங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். விண்ணப்ப எண் கேட்டார்.

கடவுளுக்கு விலாசம் எதற்கு என்று யாராவது கிண்டல் செய்தால் அவருக்குக் கோபம் வராது. பாடம் நடத்துவார்.

“ஆரணி எத்தினி கீது தெரியுமா? ரெண்டு. நம்மளது ஒண்ணு, செங்கல்பட்டு ஜில்லாவுல ஒண்ணு. முகூர்த்தப் புடவைப் பார்சல் அங்க பூடுச்சு, பொண்ணு வேற புடவையில மணையில குந்திச்சு, நானே கண்ணால பாத்தேன். போன வருசம் மழைக்கு ஜெபம் பண்ணோமே, எங்க பேஞ்சிது? அந்த ஆரணில! அன்னிக்கு ஜெபம் பண்ணவர் ஜில்லா பேரச் சொல்லல.”

சபைப் போதகர் சிரித்தபடி வேறு பக்கம் பார்ப்பார். மனைவி சுகிர்தத்துக்குத்தான் பொறுக்காது. “ஆண்டவரு இன்னா, உங்க ஆபீசுல வேலைக்குச் சேந்துகிறாரா?” என்பார் கீரை ஆய்ந்தபடியே. அந்த அம்மாளின் சொந்த ஜெபம் அடுப்பை மூட்டி முடிப்பதற்குள் முடிந்துவிடும்: “அப்பா, பாத்துக்கும்.” அது சாருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. “யாரை? எங்க? வெவரம் வேணாவா?” விவரம் இல்லாத பக்தியை அவர் மொட்டைக் கடிதாசி என்பார்.

அவர் வீட்டு எதிரில் நெசவாளி பரசுராமன் குடும்பம். பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் மகள் கற்பகம் தவழ்ந்ததும் நடந்ததும் பாதி நாள் சார் வீட்டில்தான். பிள்ளையில்லாத வீட்டில் பலகாரம் செய்தால் முதல் தட்டு அவளுக்குப் போகும். கல்யாணமாகிப் போளூருக்குப் போனவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

போன ஆவணியில் ஒரு காலை, கற்பகத்தின் தாய் கிருஷ்ணம்மாள் தறிப் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி கையில் காயுமுன்னே ஓடிவந்தார். சாரிடம் பேப்பர் வாங்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

“சார், கொழந்தை குறுக்க கீதாம். இங்க முடியாதுன்னுட்டாங்க. வேலூருக்கு இட்டுகினு பூட்டாங்க. கார்ல எனக்கு எடமில்ல சார். நீங்கதான் உங்க சாமிகிட்ட வெவரமா சொல்வீங்களே. சொல்லுங்க சார்.”

சார் எழுந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“எந்த ஆஸ்பத்திரி?”

“தெரியாதே.”

“எந்த வார்டு? டாக்டர் பேரு?”

“எனக்கு இன்னா சார் தெரியும்? ஜல்தி ஜல்தியா ஏத்திகினு பூட்டாங்க.”

“ஆண்டவரே, வட ஆற்காடு ஜில்லா, வேலூர் டவுன்...” என்று ஆரம்பித்தவர் நின்றுவிட்டார். வேலூரில் ஆஸ்பத்திரிகள் பல. கார் வழியில் எங்கே நிற்கிறதோ, அதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வேறு. குறுக்கே கிடக்கும் குழந்தைக்கு என்னென்ன ஆகலாம் என்று எப்போதோ ஒரு வைத்தியப் புத்தகத்தில் படித்திருந்தார். படித்தது எதையும் மறக்காத மனிதர். தெரிந்த அத்தனையும் சேர்ந்து அவர் முகத்தை வெளுக்கச் செய்ததை நான் பார்த்தேன்.

“இன்னா சார் நிறுத்திட்டீங்க? எங்க கற்பகத்த உங்க சாமிக்குத் தெரியாதா?” கிருஷ்ணம்மாள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துபோய்க் கேட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாத அவர் முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. யாரோ சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்ட அந்த அம்மாளின் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

“அப்பா, கற்பகம். உமக்குத் தெரியும்.”

அவ்வளவுதான். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. சமையற்கட்டு வாசலில் நின்ற சுகிர்தம் அம்மாள்தான் ஆமென் சொன்னார்.

சாயங்கால பஸ்ஸில் பரசுராமன் வந்து இறங்கினார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். கிருஷ்ணம்மாள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். எனக்கு இரண்டு தரம் கிடைத்தது.

மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். மறுநாளே வேலூருக்கு பஸ் ஏறி எல்லாம் விசாரித்து வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நன்றி ஜெபம். ஆஸ்பத்திரி, மாடி, வார்டு, ஜன்னலோரக் கட்டில், குழந்தையின் எடை, டாக்டரம்மாவின் சொந்த ஊர் வந்தவாசி என்பது வரை ஒன்றும் விடவில்லை. சபை வாய்க்குள் சிரித்தது. பின்பெஞ்சு ஆமெனுக்குத் தயாராக நிமிர்ந்தது.

“ஆரணி, வட ஆற்காடு ஜில்லா. ஆறு மூணு ரெண்டு...”

சார் அங்கே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.