காற்றில் மூன்று இடங்கள்

என் மனைவி இறந்த செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. மருத்துவமனையிலிருந்து பேசியவரிடம், "சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு சொன்னீங்களே" என்றேன்.

என் மனைவியின் தங்கைக்குக் காது கேட்காது. சின்ன வயதில் அவளோடு சண்டை போடுவதற்காகவே சைகை மொழி கற்றவள் என் மனைவி. பின்னாளில் நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளரானாள். அவள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும்; அவளைக் குறிக்கக் காது கேளாதவர்கள் கன்னத்தில் விரலை அழுத்திக் குழி காட்டுவார்கள். அவர்களிடையே அவள் பெயர் அது.

தையல்காரியான தங்கைக்குச் சட்டப் புத்தகத்தின் எழுத்து நடை பிடிபடவில்லை. ஒருநாள் கைகளை வீசிக் கேட்டாள்: "என் உரிமை என்னன்னு எப்பவும் நீதான் வந்து சொல்லணுமா? நாட்டுக்கே நீதான் சட்டமா, அக்கா?"

அந்த வாரமே என் மனைவி அரசியலமைப்பைச் சைகையில் பதிவு செய்யத் தொடங்கினாள். படுக்கையறைச் சுவரில் நீலப் போர்வை, எதிரே கைபேசி, அதன் பின்னால் நான்.

சைகையில் ஒன்றைச் சொன்னால் அதற்குக் காற்றில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தைச் சுட்டினால் போதும். சட்டமன்றத்தை இடப்பக்கமும் அமைச்சரவையை நடுவிலும் நீதிமன்றத்தை வலப்பக்கமும் வைத்தாள். மறுநாள் தொடர்ந்தபோது இடமும் வலமும் மாறிப்போயின. பார்த்த தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, உன் நாட்டுல நீதிபதி சட்டம் போடறார், சட்டம் போடறவங்க தீர்ப்பு சொல்றாங்க!"

"போடி, நீ கை வைக்கிற இடத்துல கழுத்து வச்சுத் தைச்சதே இல்லையா?"

ஆனாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் உட்காரக் கூடாதுன்னுதானே இவ்வளவும் எழுதி வச்சிருக்காங்க" என்றாள் என்னிடம்.

உரிமைகள் வரை முடித்தாள். பேச்சுரிமைப் பதிவைத்தான் நான் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். கடைசியில் கைகளை இறக்கிவிட்டு, 'போதுமா?' என்று எனக்காகப் புருவத்தை உயர்த்துகிறாள். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிடுகிறேன்.

நேற்று தங்கை வந்தாள். "மிச்சத்தை நான் செய்யறேன், மாமா. எங்க ஆளுங்க காத்திருக்காங்க."

எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் போர்வைக்கு முன்னால் வேறு கைகளா? எனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில், இப்போது வேண்டாம் என்றேன்.

அவள் விடவில்லை. "அவ இதை உங்களுக்காகவா செஞ்சா?"

இன்று மாலை தங்கை போர்வைக்கு முன்னால் நிற்க, நான் கைபேசியை எடுத்துக்கொண்டு எதிரே நின்றேன். அரசியலமைப்பை மதிப்பது, நாட்டின் ஒற்றுமையைப் பேணுவது ஆகிய இரண்டு கடமைகளும் பதிவாகிவிட்டன. பொதுச் சொத்தைக் காப்பது இன்னும் பாக்கி.