சேரன்மகாதேவியில் புள்ளி இல்லை

வெயிலில் எந்த ஊரில் ஆடுமாடு அதிகம் விழுகிறது என்று வரைபடம் தயாரிப்பது அப்போது என் வேலை. கைபேசியில் ஒரு செயலி கொடுத்திருந்தார்கள். செத்த ஆட்டைப் படமெடுத்து, அதை வளர்த்தவரின் ஆதார் எண்ணைத் தட்டினால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். புள்ளி கூடிய ஊருக்கு மருத்துவ வண்டி போகும். முதல் கோடையில் ஒவ்வொரு புள்ளிக்கும் மனசு கனத்தது. அடுத்த கோடையில் விரல் மட்டும்தான் வேலை பார்த்தது.

அந்தச் சித்திரையில் சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அண்ணாச்சி ஆட்டுக்கிடை போட்டிருந்தார். சொந்த ஊர் சாத்தான்குளம். இங்கே நெல் அறுத்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். ராத்திரி வயலில் ஆடுகளை அடைத்தால் நிலத்துக்கு உரம். வருஷா வருஷம் நடப்பதுதான். சாத்தான்குளத்தில் உடைமர நிழலாவது உண்டு. இங்கே வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், ஒதுங்க நிழல் கிடையாது.

சினை ஆடுகள்தான் முதலில் விழுந்தன. செத்துக்கிடந்தவற்றைப் படமெடுத்து எண்ணைத் தட்டினேன். புள்ளிகளெல்லாம் சாத்தான்குளத்தில் போய் விழுந்தன. நான் நின்ற இடம் வரைபடத்தில் வெறும் பச்சை.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"ஆதார்ல என்ன முகவரியோ அதான் ஆட்டுக்கும். அத மாத்த முடியாது" என்றார் மேலதிகாரி.

கிடை என்று ஒன்று இருப்பதே செயலி செய்தவனுக்குத் தெரிந்திருக்காது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி சார் என்று வைத்துவிட்டேன். பக்கத்துக் கால்நடை மருத்துவரும் வேறு முகாமுக்குப் போயிருந்தார்.

இன்னொரு சினை ஆடு மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சி அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"வண்டி எப்ப தம்பி வரும்?"

"சொல்லியிருக்கேன் அண்ணாச்சி."

உச்சிவேளையில் அவர் மனைவி ஊரிலிருந்து கூப்பிட்டார். சத்தமாகவே கேட்டது.

"நம்ம வாசல்ல டாக்டர் வண்டி வந்து நிக்குது. ஆடெல்லாம் எங்கன்னு கேக்குதாவ. வேற மாவட்டத்துக்கு இந்த வண்டி வராதாம்லா. என்ன சொல்லட்டும்?"

அவர் கீழே கிடந்த ஆட்டையே பார்த்தார்.

"வெயில்ல வந்திருக்காவ. மோரு குடுத்து அனுப்பு."

கொஞ்ச நேரத்தில் சாக்குக்கு அடியில் அசைவு நின்றது. அவர் அழவில்லை, திட்டவுமில்லை. வரைபடத்தைக் காட்டச் சொன்னார். பெரிதாக்கிக் காட்டினேன். அவருடைய தெரு, அவருடைய ஓட்டுவீடு, அதன்மேல் மொய்த்திருந்த சிவப்பு. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சாக்கை விலக்கினார்.

"இதையும் போடுங்க தம்பி. அதுவும் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்."

தட்டினேன். புள்ளி அவர் வாசலில் விழுந்தது.