நார்மல் ரத்தத்துக்கு ஒரு கரிபாப்

அசிட்டோன் நெடியும் உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த சூடான கரிபாப் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எண்பதுகளில் ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடம் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கும் யாராவது நகப்பூச்சை அழித்தால் எனக்குக் கரிபாப் பசி எடுக்கிறது. இதை மனைவி டாக்டரிடமே சொல்லிவிட்டாள்.

மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே வரும் ஒரு புற்றுநோய்... அதுதான் எங்கள் வேலை. அதற்குப் பின்னால் ஒரு வைரஸ் உண்டு. அநேகமாக எல்லார் உடம்பிலும் சின்ன வயதிலேயே குடியேறி, சும்மா கிடக்கும். சிலரிடம் மட்டும் வாலாட்டும். அப்படி வாலாட்டிய அடையாளத்தை ரத்தத்தில் தேடுவோம். ஸ்லைடில் ரத்தநீரை விட்டு, சாயம் போட்டு, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சந்தேகமான ரத்தம் பச்சையாக மின்னும். மற்றது இருட்டாகவே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஒரு 'நார்மல்' ரத்தம் வேண்டும். ஆள் பிடிப்பது என் பொறுப்பு. கூலி ஒரு கப் மைலோ சாக்லேட் பானம், ஒரு கரிபாப். நீயே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஊசியைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். அடுத்தவன் ரத்தத்தில் பிழைப்பு நடத்தியவன் நான்.

ஆள் பிடிக்க ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அந்த வியாதி சீனர்களுக்குத்தான் அதிகம். ஆகவே நார்மலுக்கு ஒரு தமிழரைப் பிடி. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப் பிடித்த ஆள்தான் எங்கள் டிரைவர் முனியாண்டி அண்ணே. தினமும் கடலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஐஸ் பெட்டியில் ரத்தக் குழாய்களோடு ஃபெரியில் வருவார். மைலோவில் நாலு கரண்டி சீனி போடுவார். "கூட ஒரு கரிபாப் வெய்யி தம்பி, இந்தக் கையிலயும் எடுத்துக்க" என்பார்.

ஒரு நாள் அவருடைய ரத்தம் மின்னியது.

எங்கள் தலைவர் கனகசபை மாஸ்டரைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கும் மனிதர். குனிந்து பார்த்தார்.

"எங்கட ஆக்களுக்கு உது வராது ஐசே. ஸ்லைடை வடிவாக் கழுவேல்லைப் போல."

குற்றம் என் கழுவலில் என்று முடிந்தது. நார்மலுக்கு மாஸ்டரே சட்டைக் கையை மடித்துத் தன் ரத்தத்தைக் கொடுத்தார். மின்னவில்லை. எல்லாருக்கும் நிம்மதி. மாஸ்டருக்கு மட்டும் கரிபாப் காரம் ஒத்துக்கொள்ளவில்லை.

முனியாண்டி அண்ணேயிடம் விஷயம் போனது. கேண்டீனில் நான்தான் சொன்னேன்.

"அண்ணே, உங்க ரத்தம் பச்சையா மின்னுது லா."

"மின்னாம? காலையில முருங்கைக்கீரை தின்னேன்ல."

மேசையே சிரித்தது.

சில மாதங்களில் அவருக்கு இடது காது அடைத்தது. ஃபெரி எஞ்சின் சத்தம்தான் காரணம் என்றார். கைக்குட்டையில் ரத்தக் கறை. வெயில் சூடு என்றார். காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் காது மூக்குப் பிரிவு வரிசையில் போய் நின்றிருக்கிறார். தமிழருக்குக் கழுத்தில் கட்டி என்றால் காசநோய்தான் என்று நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் அதே வழக்கம்தான்.

காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டே கேலி பேசினார். "ஒண்ணுக்குப் போனா ஃபாண்டா ஆரஞ்சு மாதிரி வருது தம்பி. பாட்டில்ல அடைச்சு விக்கலாம்." குழம்பில் குளித்த சோறான நாசி கண்டார் இரண்டு தட்டு சாப்பிடுவார். ஆனால் பெல்ட்டில் புதுசு புதுசாக ஓட்டை விழுந்தது. "தின்னுறது எல்லாம் எங்க போவுதுன்னே தெரியல" என்றார்.

கட்டி மாத்திரைக்குக் கரையவில்லை. ஒரு காலையில் மாஸ்டர், "முனியாண்டியைக் கூப்பிடும்" என்றார். தானே ரத்தம் எடுத்தார். தானே ஸ்லைடு போட்டார். இருட்டறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவு இடுக்கில் காது வைத்துக் கேட்டேன்... எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம் மட்டும்தான்.

இரண்டாம் தடவையும் மின்னியிருந்தது. ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் சதை எடுத்துப் பார்த்தபோது நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது. முதல் தடவை மின்னியபோதே பார்த்திருந்தால் கதிர்வீச்சு வைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். அடுத்த தீபாவளிக்கு முனியாண்டி அண்ணே இல்லை. மாஸ்டர் அதற்குப் பிறகு நார்மலுக்கு இனம் பார்த்து ஆள் பிடிக்க விடவில்லை.

இப்போது என் அக்கா மகள் கோமதி அதே வியாதியை ஆராய்கிறாள். போன மாதம் கம்ப்யூட்டரில் கலர் கலராகக் கட்டங்கள் காட்டினாள்.

"சிவப்புன்னா அந்த ஜீன் வேலை செய்யுது மாமா, நீலம்னா தூங்குது. இது வைரஸோட ஜீன். இது முழிச்சிக்கிட்டா செல்லோட சாப்பாட்டையே மாத்திருது. சீனியை அள்ளி அள்ளித் தின்னும்."

தின்றதெல்லாம் எங்கே போனது என்று அண்ணே கேட்டதற்குப் பதில்... இத்தனை வருஷம் கழித்து, சிவப்புக் கட்டத்தில்.

அவளுக்கும் நார்மல் ரத்தம் தேவைப்பட்டது. கையை நீட்டினேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டும் மயக்கம் வந்தது. பாக்கெட் மைலோவில் ஸ்ட்ரா குத்திக் கொடுத்தாள். கரிபாப் கிடையாதாம், ஆய்வுக்கூடத்தில் சாப்பிடக் கூடாதாம்.

"என் ரத்தம் ஒருவேளை ஏதாவது காட்டிச்சுன்னா என்னம்மா செய்வீங்க?"

"இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் மாமா. அப்பவும் காட்டினா, அன்னிக்கே மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வோம்." அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "வேற என்ன செய்வாங்க?"

மைலோவை உறிஞ்சினேன். அண்ணேயின் நாலு கரண்டிக்கு முன்னால் சீனியே இல்லை.