உருவிய பதினான்காம் பக்கம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய்க் கதை சொல்லிப் பிழைப்பவன் அல்ல நான். நாடாளுமன்றத்தின் பட்ஜெட் ஆய்வு அலுவலகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். இது எனக்கு நடந்தது. மறைத்துப் பழகிய கைதான் இது, ஆனால் இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

அரசு கொண்டுவரும் பட்ஜெட்டை அலசி, ஓட்டை எங்கே என்று எழுதி, எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் மரியாதைக்காக நாடாளுமன்ற பட்ஜெட் குழுவின் தலைவரிடம் ஒரு நாள் முன்பே காட்டுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

நவம்பர் 27. பதினான்காம் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: நலுவே ஆற்றுத்துறையின் மிதவைப் படகைப் பழுதுபார்க்க ஒரு குவாச்சா பணம்கூட ஒதுக்கவில்லை. அதை இழுக்கும் கம்பிவடம் துருவேறிவிட்டது. ஆறு பெருகினால் தாங்காது.

தலைவர் சிசாங்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன முசோண்டா, தேர்தல் நேரத்துல என்னையே ஆத்துல தள்ளுறியே."

"இருக்கறதத்தான் எழுதினேன், ஐயா."

"துணை பட்ஜெட்ல பாத்துக்கலாம். இந்தப் பக்கம் வேண்டாம். உன் ஒப்பந்தம் ஜனவரியில முடியுதுல்ல?"

அவ்வளவுதான் பேச்சு. தாளை உருவினேன். பக்க எண்களை மாற்றினேன். கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் ஐந்து மணிக்குக் குழுவில் ஓட்டெடுப்பு. மாலை 4.17. குழு அறையில் நான் மட்டும் அறிக்கைகளை மேசைகளில் வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. அந்த வருடம் அதுவரை மழை எட்டிப் பார்க்கவே இல்லை.

சொட்... சொட்...

ஏசி ஒழுகுகிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மூன்று மணியிலிருந்து கரண்ட் இல்லை.

சாட்சி சொல்ல வருபவர்களின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கதவுச் சத்தம் கேட்கவில்லை. கழுத்தில் அனுமதி அட்டை இல்லை. இடுப்புத் துணி தொப்பலாக நனைந்திருந்தது. காலடியில் கம்பளம் கறுத்துக்கொண்டே போனது.

"பொதுமக்கள் பேசுற நாள் முடிஞ்சிருச்சும்மா."



டக்.

அவள் முன்னாலிருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது... கரண்ட் இல்லாமல்.

"பதினாலாம் பக்கத்தப் படிங்க."

குரல் ஸ்பீக்கரில் வந்தது. அவள் உதடு அசையவில்லை.

தாள் என் கோட்டுப் பையில் இருந்தது. மேசையில் வைக்க ஒரு நொடி போதும்.

கை பைக்குள் போனது...

ஜனவரி ஞாபகம் வந்தது.

கையை இழுத்துக்கொண்டேன்.

சொட்...

நிமிர்ந்தேன். யாரும் இல்லை.

மணி 4.19. நாற்காலி ஈரம். சேற்று வாடை.

"யாரும் உள்ள போகலையே சார்," என்றார் வாசல் காவலர்.

ஐந்து மணிக்கு ஓட்டெடுப்பு நடந்தது. பட்ஜெட்டைக் குழு ஏற்றது. நான் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 19. ஆறு பெருகியது. கம்பிவடம் அறுந்து படகு கவிழ்ந்தது. பதினோரு பேர் இறந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் மூன்றாவது படம்... அவள். பெயர் நமுகோலோ.

செத்தவர்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இவள் என் முன்னால் உட்கார்ந்த அன்று உயிரோடுதான் இருந்தாள். அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனம் கேட்காமல் துக்க வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் லிஸுலோவிடம், நவம்பர் 28 மாலை அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டேன்.

"காய்ச்சல்ல படுத்திருந்தா. நாலேகால் மணி இருக்கும், திடீர்னு மூச்சே இல்ல. ரெண்டு நிமிஷம் கழிச்சு எந்திரிச்சா. இனிமே அந்தப் படகுல ஏற மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

அவரே தொடர்ந்தார்.

"நான்தான்யா தேத்தி, மீன் விக்க அக்கரைக்கு அனுப்புனேன். படகுல கோளாறு இருந்தா நாடாளுமன்றத்துல இருக்கற படிச்சவங்க சொல்லாம விடுவாங்களான்னு கேட்டேன். அவளும் நம்பி ஏறிட்டா."

பிறகு, நீங்கள் யார் என்று அவர் கேட்டார்.

பக்கத்து ஊர் என்று சொன்னேன்.