சாமுராய் படத்துக்கு அத்தான் சொன்ன முடிவு

சுவிஸில் வேண்டாத பொருளை வாசலில் வைத்து, 'கிராடிஸ்', அதாவது இலவசம், என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுவார்கள். விரும்பியவர் எடுத்துப் போகலாம். இத்தனை காலமாகியும் இந்த வழக்கம் எனக்குச் செமிக்கவில்லை. வன்னியில் ஆளில்லாமல் கிடக்கும் பெட்டியை எவரும் அன்பளிப்பு என்று நினைப்பதில்லை; குண்டு என்றுதான் நினைப்போம்.

போன சனிக்கிழமை காலை எங்கள் மாடிக் கட்டிடத்தின் கீழே ஒரு அட்டைப் பெட்டி. உள்ளேயிருந்து ஒரு வயர் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய நான் ஒரே பாய்ச்சலில் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். பிளாஸ்டிக் தொட்டி என்னைக் காப்பாற்றும் என்று நம்பிய மூளையை என்ன செய்வது! மேல்மாடி கெல்லர் அம்மையார் இறங்கி வந்தார். கிட்டப் போக வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மனில், கத்தினேன். எடுப்பதற்கு எனக்கு வெட்கம் என்று அவர் விளங்கிக்கொண்டார். பெட்டியைத் தூக்கிவந்து என் கையில் வைத்து, "என் கணவருடையது. அவருக்கு இனித் தேவைப்படாது" என்றார். ஒரு டிவிடி பிளேயரும் பழைய சாமுராய் படங்களும். நான் பெட்டியை நெஞ்சில் படாமல் தள்ளிப் பிடித்ததை மரியாதை என்று எடுத்திருப்பார்.

மேலே கொண்டுபோய் முதல் தட்டைப் போட்டேன். கறுப்பு வெள்ளை. ஒரு கிழவர் வாசற்படியில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, சண்டைக்குப் போன மகனுக்காகப் பாதையைப் பார்த்தபடி குந்தியிருக்கிறார். இதை நான் பார்த்திருக்கிறேன். கிளிநொச்சியில், அக்கா வீட்டு முற்றத்தில்.

அப்போது சண்டைக் காலம், அங்கே கரண்ட் இல்லை. வாடகைக்கு எடுத்த டிவி, டெக், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும் ஜெனரேட்டர். படம் யப்பான் மொழியில், கீழே இங்கிலிஷ் எழுத்து. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை பார்த்த அத்தான், டிவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அயலுக்கெல்லாம் தமிழில் சொல்லுவார். "டேய், மரியாதையா வாளைக் கீழை போடு" என்று சாமுராய்கள் கிளிநொச்சித் தமிழில் வெருட்டினார்கள். முடிவில், முகத்தில் வெட்டுக்காயத்தோடு ஒருவன் வந்து அந்தச் சோற்றைச் சாப்பிடுவான். "மகன் வந்திட்டான். முகம்தான் மாறிப்போச்சு" என்றார் அத்தான். முன்னுக்கு இருந்தவர்கள் களத்துக்குப் போன பிள்ளைகளின் தாய்மார். மூக்கைச் சிந்திக்கொண்டு எழும்பிப் போனார்கள்.

இப்போது கீழே டொச் எழுத்து. மெதுவாக வாசித்தேன். வந்தவன் மகன் இல்லை. மகன் செத்துப்போனதைச் சொல்ல வந்த கூட்டாளி. நம்பாமல் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்ட நேரம் அக்காவின் வீடியோ அழைப்பு வந்தது. அக்காவின் மூத்தவன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். அவனுக்குத் திவசம் கொடுக்க அக்கா இன்றுவரை விட்டதில்லை.

"என்னடா யப்பான் சத்தம்? அந்தச் சோத்துக் கிண்ணப் படமோ?"

"ஓம் அக்கா."

"காட்டு பாப்பம். கடைசியிலை பெடியன் வாறான்தானே?"

நிறுத்தப் போன என் விரல் சத்தத்தைக் கூட்டியது. சாமுராய் ஒருவன் வீடு அதிர உறுமினான். "அக்கா, கரண்ட் போகப்போகுது" என்றேன்.

"சுவிஸிலை கரண்ட் போகுதோ? உனக்குப் பொய்யும் வராது. அத்தான் எவ்வளவு வடிவாச் சொன்னவர்." அக்கா சிரித்தார். "உங்கடை அத்தானுக்கு மட்டுமே இங்கிலிஷ் தெரியும்? நானும் அண்டைக்கு வாசிச்சனான்."

பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அத்தான் கோப்பையை இறக்கினார். அவருக்கும் இது புதுச் செய்தி.

"பிறகேன் அக்கா சொல்லேல்லை?"

"முன்னுக்கு இருந்ததுகளின்ரை முகத்தைப் பாத்திட்டு எப்பிடியடா சொல்லுறது?" சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி, "இஞ்சாருங்கோ, வந்து கடைசியைச் சொல்லுங்கோ" என்றார்.

"எனக்கு இப்ப எழுத்து ஒண்டும் தெரியேல்லையப்பா."

"எழுத்து என்னத்துக்கு?"

நான் சத்தத்தை முழுதாகக் குறைத்து, போன் கமராவை டிவிக்குப் பிடித்தேன். வெட்டுக்காயக்காரன் படியில் குந்திக் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். அத்தான் தொண்டையைச் செருமினார்.

"மகன் வந்திட்டான்."

'உங்கள் மகன் இறந்துவிட்டான்' என்று கீழே டொச்சில் ஓடியது.

"முகம்தான் மாறிப்போச்சு."

அக்கா "ம்" என்றார்.

அக்காவுக்கு டொச் தெரியாது. என்றாலும் அந்த வரி விழாதபடி, கை வலிக்க வலிக்க, கமராவைக் கொஞ்சம் மேலே தூக்கியே பிடித்திருந்தேன்.