மின்னி பேயில் ரொட்டியும் உப்பும்

1969 ஜனவரியில் நீலாவதிக்கு முப்பத்தொரு வயது. போர்ட் பிளேரின் மின்னி பே அரசுக் குடியிருப்புக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ரஷ்யாவை அவர் பார்த்ததில்லை. பனியையும் பார்த்ததில்லை. ஆனால் சனிக்கிழமை பிற்பகல்களில் அந்த வரிசை வீடுகளின் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் வீட்டு முன்னறையில், ரஷ்யாவில் இருந்தார்கள்.

விடுமுறைக்கு மெயின்லேண்ட் போனபோது, சென்னைப் பொருட்காட்சி ஒன்றில் தமிழில் அச்சான ரஷ்ய நாட்டுப்புறக் கதைப் புத்தகங்களைப் பார்த்தார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம், மலிவான விலை. பெட்டியில் இடமில்லை. இரண்டு புடவைகளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் புத்தகங்களோடு கப்பல் ஏறினார். கணவர் சண்முகத்துக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. நிக்கோபார் பக்கம் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். வீட்டில் குழந்தை இல்லை. நீலாவதி பக்கத்து வீட்டுச் சிறுமி அலமுவைக் கூப்பிட்டு ஒரு கதை படித்தார். அடுத்த வாரம் அலமு மற்றவர்களையும் இழுத்து வந்தாள்.

பனி என்றால் என்ன என்று கேட்டார்கள். ஜங்லிகாட் மீன்துறையில் பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்கிவந்து, நொறுக்கித் தாம்பாளத்தில் கொட்டினார். எல்லோரும் கையை விட்டு அளைந்தார்கள். ஐஸில் மீன் வாடை.

"ரஷ்யா பூரா இப்படி மச்சிலி நாத்தம் அடிக்குமா அத்தை?"

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ரஷ்யப் பொம்மைகளுக்குத் தேங்காய்ச் சிரட்டை. பெரிய சிரட்டைக்குள் சின்னது, அதற்குள் ஒரு கொட்டைப்பாக்கு. கன்னத்துக்குக் குங்குமம், கண்ணுக்கு மை. பிள்ளைகள் நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார்கள். நீலாவதி அதை அழிக்கச் சொன்னார். படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம்.

ரொட்டிக்கு ஜங்லிகாட் காதர் பேக்கரி. காலை ரொட்டி எடுத்த பிறகும் அடுப்பில் சூடு மிச்சமிருக்கும்; பிள்ளைகள் தாங்கள் பிசைந்த மாவை அதில் சுட்டுக்கொள்வார்கள். ஒரு கதையில் குளிருக்கு ஒதுங்கிய கரடி, கிழவியின் ரொட்டி அடுப்புக்கு மேலேயே ஏறிப் படுத்துத் தூங்கும். தாங்களும் படுக்கலாமா என்று பிள்ளைகள் காதரிடம் கேட்டார்கள்.

"படுங்கப்பா. சாயங்காலம் பன்னுன்னு சொல்லி வித்துடுறேன்."

அலமுவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. அந்த முன்னறையின் வாசனையை இன்னமும் சொல்கிறார்: ஐஸில் ஒட்டிய மீன், சிரட்டைத் தூள், துணியில் சுற்றிய சூடான ரொட்டி.

அரையாண்டுத் தேர்வு முடிவு வந்ததும் எல்லாம் நிற்கப் பார்த்தது. அலமுவின் அம்மா மரகதம் மார்க் அட்டையோடு வந்து நின்றாள்.

"ரஷ்யாவுல பாஸானா போதுமா நீலா? கணக்குல பதினெட்டு! இனிமே இவ வரமாட்டா."

மரகதம் நிறுத்தினால் அந்த வரிசையே நிறுத்தும். பிள்ளைகள் வராத சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று நீலாவதிக்குத் தெரியும். எட்டு வருஷத்தில் அதைத்தான் அதிகம் பார்த்திருந்தார்.

"ஒரே ஒரு தடவை நீங்க எல்லாரும் வாங்கக்கா. பார்த்துட்டு நிறுத்துங்க."

விருந்தாளியை வாசலில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்பது ரஷ்ய வழக்கம். புத்தகத்தில் படம் இருந்தது. பிள்ளைகள் ஒரு வெள்ளைத் துண்டில் சிவப்பு நூலால் சேவல் பின்னினார்கள். அதன்மேல் வட்ட ரொட்டி, நடுவில் உப்புக் கிண்ணம். தட்டைக் கீழே வைக்கக் கூடாது, விருந்தாளி பிய்த்து உப்பில் தொட்டுச் சாப்பிடும்வரை ஏந்தியே நிற்க வேண்டும் என்று நீலாவதி ஒரு வாரம் பழக்கினார்.

சனிக்கிழமை அம்மாக்கள் வந்தார்கள். முன்னால் மரகதம். அலமு தட்டை நீட்டினாள். மரகதம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி விலகினாள்.

"உப்பைக் கைக்குக் கை நீட்டுறியாடி? வீட்டுக்கு வீடு சண்டை வரவா?"

பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். நீலாவதிக்குத் தெரியாத வழக்கமா? மரகதம் உப்பு கேட்டு வந்த போதெல்லாம் கிண்ணத்தைச் சுவர்மேல் வைத்துத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தோன்றவே இல்லை.

அலமு தட்டை ஏந்தியபடியே நீலாவதியைத் திரும்பிப் பார்த்தாள். நீலாவதி உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கிவந்து இருவருக்கும் நடுவில் போட்டார்.

"அதுமேல வை அலமு."

"வைக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சொன்னேன். இப்ப வைன்னு சொல்றேன்."

மரகதம் குனிந்து ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு வாயில் போட்டாள்.

"உங்க ரஷ்யாவுல முக்காலியும் உண்டா?"

"ரஷ்யாவுல இல்லக்கா. மின்னி பேயில உண்டு."

மரகதம் இன்னொரு துண்டு பிய்த்தாள். "யாரு பிசைஞ்சது?"

"நான்தாம்மா. ஒரு ரொட்டிக்கு இவ்வளவு மாவுன்னா எட்டு ரொட்டிக்கு எவ்வளவுன்னு நானே போட்டேன்."

"அரே! இந்தக் கணக்கு வருது, பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு மட்டும் ஜுரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மரகதம் சிரிக்கவில்லை. "நீலா, முதல்ல ஒரு மணி நேரம் கணக்கு. அப்புறம் உன் கரடி. சரியா?"

"சரிக்கா."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீலாவதி வீட்டில் ரஷ்யா மூன்று மணிக்குத்தான் தொடங்கியது. இரண்டு முதல் மூன்று வரை வாய்ப்பாடு.