அறுபது கிலோவுக்கு இறங்கியவள்

எல்லாரும் அவளைச் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வீடு வீடாகப் போடுவது அவள் பிழைப்பு. சாயங்காலமானால் குத்துச்சண்டை. பள்ளிக்கூடத்தில் சடையைப் பிடித்து இழுத்தவனின் மூக்கை உடைத்த அன்று ஆரம்பித்தது அது. பயிற்சியாளர் வேறு யாருமில்லை, சொந்த அண்ணன்தான். பழைய கார் ஷெட்டில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, "அடிடி, இன்னும் அடி" என்று கத்திக் கத்தியே அவளை உருவாக்கியவன்.

எழுபத்தைந்து கிலோ பிரிவில் எல்லாரும் அவளைவிட ஒரு தலை உயரம். அரையிறுதியைத் தாண்ட முடியவில்லை. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவள் உயரத்தையும் எடையையும் செல்போனில் உடம்புக் கணக்குப் போடும் செயலியில் தட்டினான்.

"கொழுப்பு போக உன் உடம்பு நாப்பத்தாறு கிலோதானாம். மிச்சம் இருபத்தொம்பதும் கொழுப்பு! அறுபது கிலோவுக்கு இறங்கிடு. எல்லாம் குள்ளச்சிங்க, நொறுக்கிடலாம்."

"என் வயித்தைப் பாருண்ணே, கொழுப்பு எங்க இருக்கு?"

"உன் வாயில இருக்கே, அதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு."

சோறு நின்றது. உச்சிவெயிலில் வியர்த்துக் கொட்டப் பிளாஸ்டிக் சட்டையோடு ஓடினாள். எடை இறங்க இறங்கக் கோபம் ஏறியது. ஒருநாள் அவள் வீசிய தட்டில் புருஷனின் நெற்றி கிழிந்தது.

"மச்சான், கொழுப்பு கரையற மாதிரி தெரியலை. ஆளே கரையறா," என்று அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டி நாள் வந்தது. எதிரே நின்றவள் நிஜமாகவே குள்ளம். சிலிண்டர் ஓங்கிக் குத்தினாள். குத்து சரியாகத் தாடையில் விழுந்தும் குள்ளச்சி அசையவில்லை, சிரித்தாள். அப்புறம் இறங்கி அடித்தாள். விலாவில் ஒன்று, கண்ணில் ஒன்று. சிலிண்டரின் மூக்கு உடைந்து ரத்தம் தொண்டைக்குள் இறங்கியது.

இடைவேளையில் சிலிண்டர் கெஞ்சினாள். "அண்ணே, கையே தூக்க முடியலை. துண்டைப் போட்டு ஆட்டத்தை நிறுத்திடு."

"ஒரே ஒரு ரவுண்டுடி. பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்த பல்லோடுதான் தாடை உடைந்தது. அந்தச் சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. விழுந்தவள் தானாக எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். "உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடற கணக்கு சராசரி உடம்புக்குத்தான்," என்றார் டாக்டரம்மா. "இந்தப் பொண்ணு சுமை தூக்கி இறுகின உடம்பு. கொழுப்பே கொஞ்சம்தான் இருந்திருக்கு. நீங்க கரைச்சதுல பெரும்பகுதி சதை."

அண்ணன் தலையைச் சொறிந்தான். "அப்ப அறுபத்தாறு கிலோ பிரிவுல பார்க்கலாம். என்னடி சொல்றே?"

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அவளால் பதில் சொல்ல முடியாது. கட்டிலிலிருந்து எழுந்து இடது கையால் ஒரே குத்து விட்டாள். அண்ணன் குளுக்கோஸ் கம்பத்தோடு சாய்ந்தான். முன்பல் தரையில் உருண்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை. கீழே உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

தாடை கூடியதும் வயிறாரச் சாப்பிட்டாள். பழையபடி சிலிண்டர் தூக்கினாள். வேறொரு பயிற்சியாளரிடம் போய் எழுபத்தைந்து கிலோவிலேயே மறுபடி இறங்கினாள். உயரமானவளின் கைகளுக்குள் புகுந்து விலாவில் இடிக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்த போட்டியின் இறுதிச்சுற்றில் ஒருத்தியை மூச்சுவிட முடியாமல் மண்டிபோட வைத்தாள்.

கூட்டத்தின் நடுவில் அண்ணன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். பதக்கத்தை வாங்கியவள், அவன் இருந்த பக்கம் திரும்பாமலே புருஷனோடு வெளியே போனாள்.